ஓராண்டு அதிகாரம், ஆயுள்கால அதிகாரம்

கி.மு. 27, ஜனவரி 13. ரோமின் செனட் அவைக்குள் நுழைந்த ஆக்டேவியனுக்கு வயது 35. மார்க் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் வீழ்த்தி எகிப்தைக் கைப்பற்றியிருந்தார். ரோமின் படைகள் எல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றன. அன்று அவர் தம் கையிலிருந்த அதிகாரங்களைச் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பி ஒப்படைப்பதாக அறிவித்தார். அவர் விலகக் கூடாது என்று உறுப்பினர்கள் மன்றாடினார்கள். படைகள் நிலைகொண்டிருந்த முக்கிய மாகாணங்களைப் பத்தாண்டுகளுக்கு அவர் பொறுப்பில் விட்டார்கள். மூன்று நாள் கழித்து ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்தையும் சூட்டினார்கள். பிற்காலத்தில் தம் சாதனைகளைத் தாமே எழுதிவைத்தபோதும், அரசைச் செனட்டுக்கும் மக்களுக்கும் திருப்பித் தந்ததாகவே அவர் பதிவு செய்தார். வரலாற்றாசிரியர்களோ, குடியரசு முடிந்து பேரரசு தொடங்கிய காலமாக அந்த ஜனவரியையே குறிக்கிறார்கள்.

குடியரசிலும் பேரரசிலும் ஏறக்குறைய ஐந்நூறு ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவர்கள் ரோமானியர்கள். அதனால்தான் ஆட்சிமுறைகளை எடைபோட விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்ப ரோமிடம் போகிறார்கள். ஆனால், அந்த ஒப்பீடு பெரும்பாலும் இரண்டு எளிய முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கிறது. குடியரசு என்றால் சுதந்திரம், பேரரசு என்றால் கொடுங்கோன்மை என்பது ஒன்று. குடியரசு என்றால் குழப்பம், பேரரசு என்றால் அமைதி என்பது மற்றொன்று. இரண்டுமே அரை உண்மைகள். குடியரசிலும் கொடுமை இருந்தது. பேரரசிலும் நன்மை இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த ஆட்சிமுறையின் நோய் தீர்க்கக்கூடியது? அதிகாரத்தில் இருப்பவர் தவறு செய்தால் இரத்தம் சிந்தாமல் அவரை இறக்குவதற்கு எந்த முறையில் வழி இருந்தது?

கெடு வைக்கப்பட்ட அதிகாரம்

மரபுவழிக் கணக்குப்படி கி.மு. 509-இல் கடைசி மன்னன் டார்குவினியஸை ரோமானியர்கள் விரட்டினார்கள். ஆனால், மன்னனின் அதிகாரத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. அதை இரண்டாகப் பங்கிட்டு, அதற்கு ஒரு கெடுவும் வைத்தார்கள். ஒரு மன்னனின் இடத்தில் இரண்டு கான்சல்கள் வந்தார்கள். பதவிக்காலம் ஓராண்டு. ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் தடுக்கலாம். நீதி வழங்கிய பிரீட்டர்களும், சந்தையையும் தெருக்களையும் கவனித்த ஈடைல்களும், கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட குவெஸ்டர்களும் அப்படியே: எவரும் தனி ஆளாக இல்லை, எவருக்கும் ஓராண்டுக்கு மேல் இல்லை. பேராபத்து வந்தால் ஒருவரையே சர்வாதிகாரியாக நியமிக்கலாம். அவருக்கும் ஆறு மாதம்தான் உச்சவரம்பு.

பதவிக்காலம் முடிந்ததும் கான்சல் சாதாரணக் குடிமகன் ஆகிவிடுவார். பதவியில் இருந்தபோது செய்ததற்கு அவர் மீது வழக்குத் தொடரலாம். இது ஏட்டளவில் நின்றுபோன விதி என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் படையோடு ரூபிகன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கியதற்கான காரணங்களில், பதவி போனால் நீதிமன்றத்தில் நிற்க நேரும் என்ற அச்சமும் ஒன்று. இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய காலியா முழுவதையும் வென்ற தளபதியையே அஞ்ச வைக்கும் அளவுக்கு அந்த விதிக்கு உயிர் இருந்தது.

எளிய மக்களுக்கென்று ஒரு காவலும் இருந்தது. கடன் சுமையும் மேட்டுக்குடியினரின் ஆணவமும் தாங்க முடியாமல் கி.மு. 494-இல் பிளெபியர்கள் எனப்பட்ட பொதுமக்கள் நகரை விட்டு வெளியேறிக் குன்றின் மேல் போய் அமர்ந்தார்கள் என்கிறது மரபு. போருக்குப் போக ஆள் இல்லாமல் நகரம் திகைத்தது. அந்தப் போராட்டத்தில் பிறந்த பதவிதான் டிரிபியூன். பின்னாளில் பத்துப் பேர் வரை இருந்த இவர்கள் கான்சலின் ஆணையையும் செனட்டின் தீர்மானத்தையும் ‘தடுக்கிறேன்’ என்று சொல்லி நிறுத்தலாம். அவர்கள் மீது கை வைப்பது தெய்வக் குற்றம். உதவி தேடி எவரும் எந்நேரமும் வரலாம் என்பதற்காக, டிரிபியூனின் வீட்டுக் கதவு இரவிலும் அடைக்கப்படுவதில்லை என்று எழுதுகிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

கி.மு. 167-இல் பிணையாளாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்தார். கான்சல்களிடம் முடியாட்சியின் வேகம், செனட்டிடம் மேலோராட்சியின் அனுபவம், மக்கள் மன்றங்களிடம் மக்களாட்சியின் வலிமை என்று மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால்தான் ரோம் நிலைத்திருக்கிறது என்றார். அமெரிக்க அரசமைப்பை வகுத்தவர்களுக்கு அவருடைய விளக்கம் பழகிய பாடமாக இருந்தது.

யாருக்கான சுதந்திரம்?

இந்த ஏற்பாட்டின் உள்ளே போய்ப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. கான்சல்களைத் தேர்ந்தெடுத்த மன்றத்தில் ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கு இல்லை. குடிமக்கள் சொத்து மதிப்பின்படி 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குழுவுக்கு ஒரு வாக்கு. பழைய ஏற்பாட்டின்படி குதிரைப்படைக் குழுக்கள் 18, முதல் தரச் சொத்துக்காரர்களின் குழுக்கள் 80, ஆக 98. இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் பெரும்பான்மை அங்கேயே முடிந்துவிடும். சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே குழு. வாக்களிப்பு மேல் தட்டிலிருந்து தொடங்கும். பெரும்பான்மை கிடைத்த உடனே நிறுத்தப்படும். அந்தக் கடைசிக் குழுவின் முறை வருவதே அரிது. பெண்களுக்கு வாக்கு கிடையாது. அடிமைகளோ கணக்கிலேயே வராதவர்கள். ஒரு சில குடும்பங்களின் பெயர்களே கான்சல் பட்டியலில் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வந்தன.

ரோமுக்கு வெளியே இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். ரோமிலே கட்டுண்டு கிடந்த அதிகாரம் மாகாணத்தில் அவிழ்ந்துவிடும். தேர்தலுக்கு வாங்கிய கடனை அடைக்கும் இடமாகவே பல ஆளுநர்கள் மாகாணத்தைப் பார்த்தார்கள். கி.மு. 73 முதல் மூன்றாண்டுகள் சிசிலியை ஆண்ட வெர்ரெஸ் கோயில் சிலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கி.மு. 70-இல் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோ அவர்மேல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வருமுன்பே வெர்ரெஸ் ரோமை விட்டு வெளியேறினார். அவர் பிடிபட்டவர். பிடிபடாதவர்கள் பலர்.

சிசரோவின் கடிதங்கள் வழியே நமக்குத் தெரிய வரும் ஒரு கடன் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற நகரம். அந்த நகர அவை ரோமானியர் இருவரிடம் 48 விழுக்காடு ஆண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தது. வட்டி குட்டி போட்டது; நகரத்தால் கட்ட முடியவில்லை. கடனை வசூலிக்கப் போன ஸ்காப்டியஸ் என்பவருக்கு, அப்போதைய ஆளுநர் ஒரு பதவியும் குதிரைப்படையும் கொடுத்து அனுப்பினார். அந்தப் படை நகர அவை மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே சிக்கிய உறுப்பினர்களில் ஐந்து பேர் பட்டினியால் செத்துப்போனார்கள். அடுத்த ஆளுநராக வந்த சிசரோ படையைத் திரும்ப அழைத்தார். 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி செல்லாது என்று தம் ஆணையிலேயே அறிவித்திருந்தார். நகரத்தாரும் அந்தக் கணக்கின்படி அங்கேயே பணம் கட்டத் தயாராக இருந்தார்கள். அதன்பிறகுதான் உண்மையில் கடன் கொடுத்தவர் யார் என்பது சிசரோவுக்குத் தெரிந்தது: மார்கஸ் புரூட்டஸ். சில ஆண்டுகளில் சீசரைக் கொன்று, குடியரசின் காவலர் என்று பெயரெடுக்கப் போகிற அதே புரூட்டஸ். சிசரோ அவருடைய வட்டிக்கு உடன்படவில்லை; ஆனால் வழக்கைத் தீர்க்கவும் இல்லை. அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

குடியரசின் ஆகச் சிறந்த இரண்டு பெயர்கள் இந்தக் கதையில் இருக்கின்றன. ஒருவர் வட்டிக்கு விட்டார். மற்றவர் வேதனைப்பட்டும் நகர்ந்துபோனார். ரோமில் வாக்கு இல்லாத, டிரிபியூன் இல்லாத சலாமிஸ்காரர்களுக்குச் செனட்டின் சுதந்திரத்தால் என்ன பயன்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரோமானியக் குடியரசைப் புகழ்வது நேர்மை ஆகாது.

பங்கு தர மறுத்ததன் விலை

குடியரசு எப்படி விழுந்தது என்று கேட்டால் சீசரின் பேராசை என்பது வழக்கமான பதில். சீசர் பிறப்பதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. நெடும் போர்களில் வென்ற நிலமும் அடிமைகளும் பெருஞ்செல்வர்களிடம் குவிந்தன. படைக்கு ஆள் கொடுத்த சிறு விவசாயிகள் நிலம் இழந்தார்கள். கி.மு. 133-இல் டிரிபியூனாக வந்த திபேரியஸ் கிராக்கஸ் புதிதாக எதையும் கேட்கவில்லை. பொது நிலத்தில் ஒருவர் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே இருந்த வரம்பை நடைமுறைப்படுத்தி, மிச்ச நிலத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். தம்மைத் தடுத்த சக டிரிபியூனை மக்கள் வாக்கால் பதவிநீக்கம் செய்தது அவரும் ஒரு மரபை மீறியதுதான். ஆனால், அதற்குச் செனட்டர்கள் தந்த பதில், உடைந்த பெஞ்சுக் கால்களைத் தூக்கிக்கொண்டு வந்து அவரை அடித்துக் கொன்றதும், உடலை டைபர் ஆற்றில் வீசியதும். மன்னர்களை விரட்டிய பின்னர் ரோமின் அரசியல் சண்டையில் சிந்திய முதல் குடிமக்கள் இரத்தம் இது என்று புளூட்டார்க் குறிக்கிறார். கை வைத்தால் தெய்வக் குற்றம் என்றிருந்த பதவியின் மீது முதலில் கை வைத்தவர்கள், ஒழுங்கின் காவலர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள்தாம்.

அடுத்த நூறாண்டு அந்த நாளின் நீட்சி. தம்பி கையஸ் கிராக்கஸ் கி.மு. 121-இல் மடிந்தார். சொத்தில்லாத ஏழைகளைத் தளபதி மாரியஸ் படையில் சேர்த்தார். பணிக்காலம் முடிந்ததும் அவர்களுக்கு நிலம் வேண்டும், செனட் கொடுக்காது, தளபதிதான் வாங்கித் தர வேண்டும். அப்படியானால் படைவீரனின் விசுவாசம் எங்கே போகும்? கி.மு. 88-இல் சுல்லா என்ற தளபதி தம் படையை ரோமின் மீதே திருப்பினார். மேலதிகாரிகளில் ஏறக்குறைய எல்லோரும் அவரை விட்டு விலகினார்கள், வீரர்கள் விலகவில்லை. கி.மு. 82-இல் மீண்டும் நகரைப் பிடித்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டினார். இவ்வளவுக்குப் பின்னும் செனட் பாடம் கற்கவில்லை. கிழக்கே வென்று வந்த பாம்பேயின் வீரர்களுக்கு நிலம் தர கி.மு. 60-இலும் அது முட்டுக்கட்டை போட்டது. அந்த முட்டுக்கட்டைதான் பாம்பேயைச் சீசரின் பக்கம் தள்ளியது.

பிற்பாடு அகஸ்டஸ் கி.பி. 6-இல் படைவீரர்களின் ஓய்வுக்கென்றே தனிக் கருவூலம் அமைத்தார். வாரிசுச் சொத்துக்கு 5 விழுக்காடும் ஏல விற்பனைக்கு 1 விழுக்காடும் வரி போட்டு அதை நிரப்பினார். தீர்வு இவ்வளவு சாதாரணமானது. இதை முன்பே செய்திருந்தால் தளபதிகளுக்குத் தனிப்படை கிடைத்திருக்காது. குடியரசின் விதிகள் அதைத் தோற்கடிக்கவில்லை. தன் நலனைச் சிறிதும் விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆளும் வட்டமே தோற்கடித்தது.

பெயர் மாறாமல் நடந்த மாற்றம்

சீசர் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். சில வாரங்களிலேயே கொல்லப்பட்டார். அகஸ்டஸ் அந்தப் பாடத்தைப் படித்தவர். எந்தப் பதவியையும் அவர் ஒழிக்கவில்லை. கான்சல்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். செனட் கூடியது. அவர் செய்ததெல்லாம் பதவியையும் அதன் அதிகாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான். கி.மு. 23 முதல் அவர் டிரிபியூன் பதவி வகிக்காமலே டிரிபியூனின் அதிகாரத்தை ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டார். ஏழைகளைக் காக்க மக்கள் போராடிப் பெற்ற தடுப்புரிமை, எல்லோரையும்விடப் பலமானவரின் கவசமாயிற்று. தானியக் களஞ்சியமான எகிப்தைத் தம் நேரடிப் பிடியில் வைத்துக்கொண்டு, அனுமதியில்லாமல் செனட்டர்கள் அங்கே காலெடுத்து வைக்கவே தடை போட்டார்.

கி.பி. 14-இல் அவர் இறந்து அடுத்த பேரரசராகத் திபேரியஸ் வந்ததும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மக்கள் மன்றத்திடமிருந்து செனட்டுக்குப் போனது. மக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். பின்னாளில் பேரரசர் வெஸ்பாசியனுக்கு அதிகாரம் வழங்கிய சட்டத்தின் வெண்கலப் பலகை இன்றும் ரோமின் கேபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாட்டின் நலனுக்கு எது தேவை என்று அவர் கருதுகிறாரோ அதைச் செய்ய அவருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. இப்படி ஒரு வரி சட்டத்தில் ஏறிவிட்டால் மற்ற வரிகளுக்கு வேலை இல்லை.

மாகாணங்களுக்கு வந்த மூச்சு

இதே காலத்தில்தான் மாகாணங்களின் வாழ்வு சீர்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆளுநர்கள் இனி ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கொள்ளையடித்தால் பேரரசரின் வருமானம்தான் குறையும் என்பதால் அவரே கவனித்தார். மொத்த வரியையும் ஏலம் எடுத்துக் கசக்கிப் பிழிந்த குத்தகைக்காரர்களின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. கி.பி. 48-இல் காலியாவின் பிரமுகர்களைச் செனட்டில் சேர்க்கப் பேரரசர் கிளாடியஸ் வாதாடினார். அந்த உரை பொறித்த வெண்கலப் பலகை பிரான்சின் லியோன் நகரில் கிடைத்திருக்கிறது. அடுத்த அரை நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்த டிராஜன் பேரரசரானார். அதற்கடுத்த நூற்றாண்டில் இன்றைய லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்த செப்டிமியஸ் செவெரஸ் அரியணை ஏறினார். கி.பி. 212-இல் கரக்கல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ரோமானியக் குடியுரிமை வழங்கினார். இத்தாலிய நட்பு நகரங்களுக்கே குடியுரிமை தர மறுத்து கி.மு. 91-இல் ஒரு பெரும் போரைத் தேடிக்கொண்டது குடியரசு. அதோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தூரம் சிறியதல்ல.

அந்த அமைதியின் தடம் நம் மண்ணிலும் இருக்கிறது. எகிப்து ரோமின் கைக்கு வந்தபின் ஒரே துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாகப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் முகம் பொறித்தவையே மிகுதி. முசிறியின் மிளகுக்கு விலை கொடுத்தது பேரரசின் கடல்வழி அமைதி.

வாளி தூக்கவும் அனுமதி

அப்படியானால் பேரரசே மேல் என்று முடித்துவிடலாமா? நல்ல பேரரசர் ஒருவரின் ஆட்சியிலேயே இதற்கு விடை இருக்கிறது. கி.பி. 111 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிகோமீடியா நகரில் பெருந்தீ. பல வீடுகளும் இரண்டு பொதுக் கட்டடங்களும் எரிந்துபோயின. மக்கள் கை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நகரத்தில் தண்ணீர் இறைக்கும் கருவி இல்லை, வாளி இல்லை. 150 பேருக்கு மேற்படாத ஒரு தீயணைப்புக் குழு அமைக்கலாமா? தொழிலாளிகளை மட்டும் சேர்ப்பேன், கண்காணிப்பேன் என்று உறுதியும் கூறினார்.

டிராஜன் மறுத்துவிட்டார். அந்தப் பகுதியில் இத்தகைய சங்கங்களால்தான் தொல்லை வந்தது; என்ன பெயர் வைத்தாலும், எதற்காகக் கூடினாலும், கூடியவர்கள் விரைவில் அரசியல் கூட்டமாகிவிடுவார்கள் என்றார். கருவிகளை வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் முடிவு. டிராஜன் கொடுங்கோலர் அல்லர். ரோமானியப் பேரரசர்களிலேயே தலைசிறந்தவர் என்று பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவரின் ஆட்சியிலேயே தீயை அணைக்க 150 பேர் சேர்வது ஆபத்தாகத் தெரிந்தது. மக்கள் சேர்ந்து இயங்கப் பழகிவிட்டால் கேள்வி கேட்கவும் பழகுவார்கள் என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். மக்கள் ஏன் கை கட்டி நின்றார்கள் என்ற கேள்விக்கும் விடை அவர் கடிதத்திலேயே இருக்கிறது.

நல்லவரிடம் இவ்வளவு என்றால் மற்றவர்களிடம்? கி.பி. 25-இல் கிரெமுதியஸ் கோர்டஸ் என்ற வரலாற்றாசிரியர் மீது வழக்கு வந்தது. தம் நூலில் புரூட்டஸைப் புகழ்ந்ததும், சீசர் கொலையில் அவருடைய கூட்டாளியான காசியஸை ரோமானியர்களில் கடைசி மனிதர் என்று எழுதியதும் குற்றம். அவர் உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். நூலை எரிக்கச் செனட் உத்தரவிட்டது. மறைத்துவைத்த படிகள் பிழைத்துக்கொண்டன. குடியரசுக் காலத்தில் நடந்தவை எல்லாம் செனட்டிலும் மக்கள் மன்றத்திலும் பேசப்பட்டதால் எல்லோருக்கும் தெரிந்தன; அகஸ்டஸுக்குப் பிறகு பலவும் மறைவில் நடந்ததால், வெளியிடப்பட்டதையும் நம்ப முடியவில்லை என்று பின்னாளில் காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் வருந்தினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஆட்சி கைமாறும் விதம். கி.பி. 41-இல் கலிகுலாவை அவருடைய மெய்க்காவலர்களே கொன்றார்கள். செனட் கூடிக் குடியரசை மீட்பது பற்றி விவாதித்தது. அதற்குள் படையினர் கிளாடியஸைப் பேரரசர் ஆக்கிவிட்டார்கள். கி.பி. 69-இல் ஓராண்டுக்குள் நான்கு பேரரசர்கள். கி.பி. 193-இல் மெய்க்காவல் படை பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் போட்டது. அதிகம் கேட்ட டிடியஸ் ஜூலியானஸ் வாங்கினார். 66 நாளில் அவரும் கொல்லப்பட்டார். கி.பி. 235 முதல் 284 வரை இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டார்கள். பெரும்பாலோரின் முடிவு கொலை அல்லது போர்க்களம். குடியரசு தன் கடைசி நூறாண்டில்தான் உள்நாட்டுப் போரைக் கண்டது. பேரரசுக்கோ அதுவே தேர்தல் முறையாகிவிட்டது.

வேறு வழியே இல்லையா?

இவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஒரு நகரத்தின் குடியரசால் ஆள முடியாது; ஆகவே பேரரசு தவிர்க்க முடியாதது என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. கி.மு. 90-க்குப் பின் இத்தாலியர் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் வாக்களிக்க ரோமுக்கு நேரில் வர வேண்டும். தெற்கு இத்தாலியின் விவசாயிக்கு அந்த உரிமை வெறும் பெயர்தான்.

ஆனால், தீர்வு அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இத்தாலியில் தாம் நிறுவிய குடியேற்ற நகரங்களின் அவை உறுப்பினர்கள் தத்தம் ஊரிலேயே வாக்களித்து, முத்திரையிட்டுத் தேர்தல் நாளுக்கு ரோமுக்கு அனுப்ப அகஸ்டஸ் ஏற்பாடு செய்தார் என்று வரலாற்றாசிரியர் சுவெடோனியஸ் சொல்கிறார். அதேபோல் கி.மு. 12 வாக்கில் லியோனில் பலிபீடம் ஒன்று அமைக்கப்பட்டது. காலியாவின் அறுபது சமூகங்களின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் அங்கே கூடினார்கள். பிரதிநிதிகளை அனுப்பும் வழக்கம் இருந்தது, சாலைகள் இருந்தன, அஞ்சல் இருந்தது. அந்தப் பிரதிநிதிகள் கூடியது சட்டம் செய்வதற்காக அல்ல, ரோமையும் பேரரசரையும் வழிபடுவதற்காக. பிரதிநிதித்துவத்தின் உறுப்புகள் எல்லாம் ரோமானியர் கையில் இருந்தும், அதிகாரத்தைப் பகிரும் விருப்பம் மட்டும் இல்லாமல் போயிற்று. அது குடியரசின் மேட்டுக்குடியிடமும் இல்லை, பேரரசர்களிடமும் இல்லை.

என் முடிவு இதுதான். ரோமானியக் குடியரசு பங்கு தர மறுத்தது. பேரரசு பதில் சொல்ல மறுத்தது. முதல் குற்றம் கொடியது. ஆனால் அதற்கு மருந்து அந்த முறைக்குள்ளேயே இருந்தது. பிளெபியர்கள் போராடி டிரிபியூன்களைப் பெற்றார்கள், எழுதப்பட்ட சட்டத்தைப் பெற்றார்கள், கான்சல் பதவியைப் பெற்றார்கள், கி.மு. 139-இல் இரகசிய வாக்கெடுப்பையும் பெற்றார்கள். வட்டம் இன்னும் விரிந்திருக்கலாம். பேரரசில் அப்படி ஒரு வழி இல்லை. நல்ல பேரரசர் வந்தால் நன்மை, தீயவர் வந்தால் தீமை. குடிமகன் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. கரக்கல்லா எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தபோது, அந்தக் குடியுரிமைக்குள் வாக்கு என்று ஒன்று மிச்சமில்லை.

வலுவான ஒரு தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஏக்கம் எந்தக் காலத்திலும் தோன்றும். சலாமிஸ் மக்களின் பசியைக் கண்டுகொள்ளாத ஆட்சி அந்த ஏக்கத்தைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ஆகவே, குடியரசைக் காக்க நினைப்பவர்களின் முதல் வேலை, அதன் பயன் எட்டாதவர்களுக்கு அதை எட்டச் செய்வது. இரண்டாவது வேலை, தேர்தலும் அவையும் நீதிமன்றமும் பெயரளவில் இருக்கின்றனவே என்று நிறைவடையாமல், அதிகாரத்தில் இருப்பவரைத் தடுக்கவும் விசாரிக்கவும் இறக்கவும் அவற்றால் இன்றைக்கு முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இந்த இரண்டில் எதை விட்டாலும் மற்றதும் நிற்காது. ரோமானியர்கள் முதலாவதைச் செய்யத் தவறினார்கள். அதனால் இரண்டாவதைக் கேட்க வேண்டிய நாளில், அவர்கள் பக்கம் நிற்க மக்கள் இல்லை.